வராத கிழமைகள்

எங்கள் இணையத்தளத்தில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஊரும் இலக்கமும்தான். வட்டக்கச்சி நான்கு, புதுக்குடியிருப்பு ஒன்பது, பூநகரி இரண்டு. பெயரைப் போட்டால் யார் பார்ப்பார்கள், பார்த்தவர் எதற்குப் பார்த்தார் என்று யோசித்தே பழகிய சனங்கள் நாங்கள். ஒரு கதைப்புத்தகம் தேவை என்று சொல்வதற்குக்கூட முகத்தை அரைவாசி மறைத்துக்கொள்ளத்தான் விரும்பினார்கள். அதனால் இன்று அவர்களை நினைத்தால் முகங்கள் வருவதில்லை, கையெழுத்துகள்தான் வருகின்றன. புதுக்குடியிருப்பு ஒன்பதின் எழுத்துகள் காற்றுக்குச் சரிந்த நெல்லைப்போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். வட்டக்கச்சி நான்கு பேனையை அழுத்துகிற அழுத்தில் அடுத்த தாளிலும் அவர் எழுதியதைத் தடவி வாசிக்கலாம். பூநகரி இரண்டினுடையது சின்ன, நெருக்கமான எழுத்து. தாளின் ஓரம்வரை வந்து இடம் முடிந்த பிறகும் சொல்லை உடைக்காது, மேல்நோக்கி வளைந்து போகும்.

சமாதானக் காலம் என்று நாங்கள் சொல்கிற சில வருடங்கள் அவை. கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஐந்து கணினிகள், ஒரு ஜெனரேற்றர். ஜெனரேற்றர் ஒருமுறை இருமினால் வகுப்பே பதறி, செய்ததைச் சேமிக்கும். எனக்கு முப்பத்தாறு வயது. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத உடம்பு, கவிதையா வசனமா என்று தெரியாமல் எழுதிக் கிழிக்கிற பழக்கம். இணையத்தளம் செய்வது எப்படி என்று படப்பிரதி எடுத்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்தபோது, அதை மாணவர்களுக்குப் படிப்பிப்பதற்கு முதல் எனக்காக ஒன்று செய்துபார்க்க ஆசை வந்தது. வாசிக்கிறவர்களுக்கான தளம். ஆனால் அதன் மூலயோசனை புத்தகங்களில் இருந்து வரவில்லை, அவற்றில் இருந்த ஓட்டைகளில் இருந்து வந்தது.

எங்களிடம் இருந்த புத்தகங்களில் பாதி, கடையில் வாங்கியவை அல்ல. நாங்களே கட்டியவை. இந்தியாவிலிருந்து வருகிற வார இதழ்களில் தொடர்கதை வரும். கிழமைக்குக் கிழமை அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கி, கதை முடிந்ததும் சாக்கு ஊசியால் தைத்து, பழைய கலண்டர் மட்டையில் அட்டை போட்டு வைப்போம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இதழ்கள் வவுனியா தாண்டி எப்போதாவதுதான் வரும், மூன்று கிழமை பழசாக, ஓரங்கள் ஊறி. பாதை பூட்டினால் வராது. வராத கிழமைக்காகக் கதை நின்றுகொண்டிருக்காது, அது தன்பாட்டில் போய்விடும். பதினெட்டுக்குப் பிறகு இருபது. நடுவில் ஒரு கலியாணம் முடிந்திருக்கும், அல்லது ஒருவர் செத்துப்போயிருப்பார். படம் தொடங்கிய பிறகு கொட்டகைக்குள் நுழைந்தவர்களைப்போல நாங்கள் தடவித் தடவி இடம் பிடிப்போம்.

என்னிடம் இல்லாத கிழமை இன்னொருவரிடம் இருக்கும். அவரிடம் இல்லாதது வேறொருவரிடம். எல்லாரையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்தால் எல்லாருடைய கதையும் முழுதாகிவிடும். இதுதான் என் கணக்கு. மூன்று நிரல்கள் போட்டேன்: இருக்கு, வேணும், என்ன நினைக்கிறியள்.

தளத்தை ஏற்றுவது வவுனியாவில். அங்கே தொலைபேசியும் இணையமும் வைத்துக் கடை நடத்திய ஒருவரை, முஸ்லிம் சனங்கள் அண்ணனைச் சொல்வதுபோல, நானா என்று கூப்பிடுவேன். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது கையில் பிடித்ததோடு போய், வவுனியாவில் நின்றுவிட்டவர். எந்த வேலையின் நடுவிலும் ஒரு கதைப்புத்தகம் அவருடைய முழங்காலில் கவிழ்ந்திருக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை நான் தளத்துக்கானதைப் பதிந்த பிளொப்பித் தட்டோடு ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போவேன். ஒருமுறை சாவடியில் இதற்குள் என்ன என்று கேட்டார்கள். கதை என்றேன். கேட்ட பொடியன் பிளொப்பியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

எங்களுக்கு இணையத்தில் சும்மா இடம் தந்த நிறுவனம் பக்கத்தின் உச்சியில் தன் விளம்பரங்களை ஓடவிடும். பெரும்பாலும் உடம்பு மெலிவதற்கான மாத்திரைகள்.

"நானா, இதை எடுக்கேலாதோ?"

"சும்மா தந்த வீட்டில சுவரில இருக்கிற படத்தை மாத்துங்கோ எண்டு கேக்கலாமோ தங்கச்சி? இருக்கட்டும். வன்னியில ஒருத்தருக்கும் தேவையில்லைத்தான். எனக்குத் தேவை." வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

தளத்தைத் திரையில் பார்த்தவர்கள் வன்னியில் மிகக் குறைவு. நானா அச்சடித்துத் தருவார். நான் கொண்டுவந்து படப்பிரதி எடுத்து பஸ்களில் கொடுத்துவிடுவேன். நடத்துனர்கள் அதைச் சுருட்டிச் செருகிக்கொண்டு போய், தேத்தண்ணிக் கடைகளிலும் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் கொடுப்பார்கள். பதில்கள் கொப்பித்தாளில் திரும்பி வரும். அவற்றை நான் தட்டச்சுச் செய்து அடுத்த முறை ஏற்றுவேன். ஒருவர் கேட்டு இன்னொருவர் பதில் சொல்ல ஒரு மாதம். யாரும் அவசரப்படவில்லை. இப்போது அந்தத் தாள்கள் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு எங்களில் ஒருவரிடமும் எந்தத் தாளும் இல்லை. தளத்தையும் அந்த நிறுவனம் எப்போதோ அழித்துவிட்டது. என்னிடம் இருப்பது ஞாபகம் மட்டும்.

சில மாதங்களில் பட்டியல் நீண்டது. முதல்முறை அதை முழுதாக அச்சடித்து நானாவின் மேசையில் விரித்தோம். இல்லாத கிழமைகளுக்குப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"தங்கச்சி, இஞ்ச ஒருக்கா பாருங்கோ. இந்தக் கதையில வட்டக்கச்சிக்கு இல்லாதது முப்பத்தேழும் முப்பத்தெட்டும். புதுக்குடியிருப்புக்கு என்ன இல்லை?"

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு."

"முழங்காவிலுக்கு?"

அங்கேயும் அதே இரண்டும்தான். மற்றக் கதைகளையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒரே கதையில் எல்லாருக்கும் ஒரே ஓட்டை.

"எல்லாருக்கும் ஒரே பாதைதானே," என்றார் நானா. "பூட்டினால் எல்லாருக்கும்தானே பூட்டு." பிறகு மேசை ஆடும்படி சிரித்தார். "வெறும் சட்டியள் முழுக்கக் கொண்டுவந்து ஒரு இடத்தில அடுக்கியிருக்கிறியள் ரீச்சர். வடிவா அடுக்கியிருக்கிறியள்."

"உங்கட பக்கத்துக்கு அந்தக் கிழமை வந்திருக்கும்தானே நானா?"

"வந்தது. ஆனா அழுகைக் கதை நான் வாசிக்கிறேல்ல, கொலை நடக்கிற கதை மட்டும்தான். அப்ப பலசரக்குக் கடைதானே வைச்சிருந்தனான், மிச்சத்தைக் கிழிச்சுச் சாமானுக்குச் சரை சுத்தினது. முப்பத்தெட்டாம் கிழமையில ஆரோ கால் கிலோ பருப்பு கொண்டுபோயிருப்பினம்."

பாதை பூட்டிக்கிடந்த எட்டு வருடமும் அந்த இருட்டுக்குள் இருந்தும், அது எல்லாருக்கும் பொதுவான இருட்டு என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது. தளத்தை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நானாதான் வேறொரு பக்கம் திறக்கச் சொன்னார். வராத கிழமையில் என்ன நடந்திருக்கும் என்று அவரவர் நினைத்ததை எழுதட்டும். அந்தப் பக்கம்தான் பிடித்துக்கொண்டது.

குறிப்பாக அந்த முப்பத்தேழும் முப்பத்தெட்டும். எல்லாரும் கட்டி வைத்திருந்த கதை அது. விருந்தாளிகளுக்கு முன்னால் புருசன் கைநீட்டிவிட, முப்பத்தாறாம் கிழமையின் கடைசி வரியில் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிறாள். முப்பத்தொன்பதில் அதே வீட்டில் நின்று கோப்பி போடுகிறாள். போனதைப்பற்றியோ வந்ததைப்பற்றியோ ஒருவரும் ஒரு சொல் கதைப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும் என்று எழுதியது புதுக்குடியிருப்பு ஒன்பது. சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பாள், சிநேகிதியின் புருசன் சரியில்லாதவனாக இருந்திருப்பான் என்றது மாங்குளம். வட்டக்கச்சி நான்கு மூன்றே சொல்லில் முடித்தார்: "பஸ் வந்திருக்காது. அவ்வளவுதான்."

அப்போதுதான் பூநகரி இரண்டின் கடிதம் வந்தது. மடித்து, ஒட்டி, ரீச்சருக்கு மட்டும் என்று மேலே எழுதி.

"எல்லாரும் நினைத்ததை எழுதுகிறார்கள். எனக்கு நினைத்தது வேண்டாம். அந்த இரண்டு கிழமையிலும் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் வேணும். நானும் பிள்ளையோடு அம்மா வீட்டில் வந்து இருக்கிறேன், மூன்று வருசம். அவருடைய ஆட்கள் வந்து வந்து கூப்பிடுகிறார்கள். கதையைப் பார்த்து முடிவெடுக்கிற விசரி இல்லை நான். ஆனால் ஒருத்தி எப்படித் திரும்பிப் போனாள் என்று ஒருக்கால் வாசிக்கவேணும். கண்டால் அனுப்புங்கோ. இதைத் தளத்தில் போடவேண்டாம்."

நான் தேடினேன். வவுனியாவில் பழைய பேப்பர்க் கடைகளில் குந்தி இருந்து கிளறினேன். தளத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் கேட்டேன். வெளிநாட்டில் இருந்து எட்டிப் பார்த்த சிலருக்கும் எழுதினேன். இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பூநகரியிலிருந்து மட்டும் ஒரு துண்டு வந்தது: "கிடைத்ததா?"

பிறகு நான் அதை எழுதினேன். இரக்கத்தில் எழுதினேன் என்று சொன்னால் பாதி சரி. மற்றப் பாதி, கை துடித்தது. அந்த ஓட்டை என் அளவுக்கு வெட்டிவைத்த வாசல்போல இருந்தது. மூன்று பின்னேரங்களில் இரண்டு கிழமைகளையும் எழுதி முடித்தேன். பஸ் நிலையத்தில் புருசன் வந்து நிற்கிறான். அவள் அழவில்லை. அவனோடு கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உங்கம்மா முன்னாடி என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க, வர்றேன்' என்கிறாள். அவன் தலை குனிகிறான். பிறகு கூப்பிடுகிறான். மழை தொடங்குகிறது. மழையைப்பற்றி மட்டும் அரைப்பக்கம். அங்கத்தை இந்தியத் தமிழிலேயே எழுதினேன், எனக்கே அது அந்த எழுத்தாளர் எழுதியதுபோல இருந்தது.

வட்டக்கச்சியில் ஆறுபேர் பதிந்திருந்தார்கள். வட்டக்கச்சி ஏழு என்று ஒருவரை உண்டாக்கி, அவரிடம் அந்தப் பக்கங்கள் அகப்பட்டதாகப் போட்டேன். எல்லாருடைய எழுத்தையும் நான்தான் தட்டச்சுச் செய்தேன், அச்சில் எல்லாரும் ஒரே கையெழுத்துத்தான். நானாவுக்கும் சொல்லவில்லை. அவரே தன் கையால் ஏற்றினார். தளம் கொண்டாடியது. பூநகரியிலிருந்து இரண்டாம் கடிதம் வந்தது.

"வாசித்தேன். நன்றி. வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன் அவருடைய ஆட்கள் வருகிறார்கள். அவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். நானும் அதைத்தான் அவரிடம் கேட்கப்போகிறேன். செய்தால் அன்றைக்கே போய்விடுவேன். பிள்ளையின் சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறேன்."

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை வவுனியாவுக்குப் போனேன். நானா கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ தங்கச்சி. வந்திட்டுது. கனடாவில இருந்து ரொறன்ரோ ஒண்டு அனுப்பியிருக்கிறா. அவவின்ர மாமி கட்டி வைச்சதாம்."

அந்தப் பக்கங்களின் படம் திரையில் மேலிருந்து கீழாக, ஒரு விரல்கடை அகலத்தில், நிதானமாக இறங்கி வந்தது. அதே எழுத்தாளர். அதே இதழ். முப்பத்தேழு. அவள் பஸ் நிலையத்தில் நிற்கிறாள். வெயில். மயங்கி விழுகிறாள். அந்த வழியால் போன புருசனின் சிநேகிதன் கண்டு, காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். முப்பத்தெட்டு. அவள் தன் கட்டிலில் கண் விழிக்கிறாள். மாமியார் பால் கொண்டுவருகிறாள். அவ்வளவுதான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?" நானா திரையை இன்னொரு முறை பார்த்தார். "இது வேற மாதிரியெல்லோ இருக்கு? அப்ப வட்டக்கச்சி ஏழு போட்டது என்ன?"

"வட்டக்கச்சி ஏழு எண்டு ஒருத்தரும் இல்லை நானா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசித்து முடித்து, மடித்துத் திருப்பித் தந்தார்.

"நல்லாத்தான் இருந்தது, நீங்கள் எழுதினது. அழுகைக் கதை வாசிக்காத நானே இரண்டுதரம் வாசிச்சனான். என்னிட்டையாவது சொல்லியிருக்கலாம்." பிறகு குரல் மாறியது. "இப்ப என்ன செய்யப் போறியள்? இதையும் கொஞ்சம் திருத்தி வடிவாக்கிப் போட யோசிக்கிறியளோ?"

யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வேண்டாம் தங்கச்சி. அவ கேட்டது இதை. கொண்டுபோய்க் குடுங்கோ. பஸ்ஸில குடுத்து விடாதேங்கோ, நீங்களே போங்கோ. புதனுக்கு முதல்."

திங்கட்கிழமை போனேன். பரந்தனில் இருந்து பூநகரிக்கு ஒரு பஸ், அதைத் தவறவிட்டால் பின்னேரம்தான். வெளியில் உப்பு பூத்த வெட்டை, தூரத்தில் கடல்நீரேரி ஈயத்தகடுபோல. தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நடத்துனர் வீட்டைக் காட்டிவிட்டார். பூநகரி இரண்டின் தாய் வேலிக்கருகில் மீன் காயவைத்துக்கொண்டு நின்றா.

"ஆர் பிள்ளை?"

"புத்தக ஆக்கள் அம்மா. மகளைப் பாக்க."

"உந்தத் தாள் அனுப்புற ஆக்களோ? வாங்கோ. பொழுதுபடும்வரை உங்கட தாளைத்தான் வாசிக்கிறாள். சோறு அடிப்பிடிக்குது."

பூநகரி இரண்டுக்கு முப்பது வயதிருக்கும். கையெழுத்தைப்போலவே சின்ன, நெருக்கமான ஆள். குசினி வாசலில் சாய்ந்து நின்று இரண்டு தாள்களையும் வாசித்தா. சிறிய எழுத்து, அச்சும் மங்கல், நேரம் எடுத்தது. உள்ளே சுவரோரம் கட்டிவைத்த ஒரு பை. அதன் மேல் பிள்ளையின் சப்பாத்துகள்.

"மயங்கி விழுந்திட்டாளோ?"

"ஓம்."

"தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைச்சிட்டினம்."

"ஓம்."

"வரப்போறியோ எண்டு ஒருத்தரும் அவளைக் கேக்கேல்ல."

"கேக்கேல்ல."

"அப்ப மற்றது?"

"மற்றது நான் எழுதினது."

அவ தாளை மடித்தா. மடித்ததைத் திரும்பவும் மடித்தா.

"கதிரை எண்டு இருந்தது. 'கதிரையில் உட்கார்ந்தாள்' எண்டு. அவர் ஒரு நாளும் கதிரை எண்டு எழுதினதில்லை, நாற்காலிதான். கண்டனான் ரீச்சர். தட்டச்சுச் செய்யேக்க உங்கட கைப்பழக்கத்தில வந்திருக்கும் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு நல்லதா இருக்கும் எண்டுதான்..."

"ஓம். எல்லாரும் எனக்கு நல்லதாத்தான் நினைச்சவை. கலியாணம் பேசினவையும் அப்பிடித்தான். இப்ப கூப்பிட வாறவையும் அப்பிடித்தான்." குரல் உயரவில்லை. "உங்களிட்ட நான் ஒண்டுதான் கேட்டனான். என்ன இருந்ததோ அதைத் தாங்கோ எண்டு. இல்லையெண்டால் இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். இல்லை எண்டு கேட்டுப் பழகின ஆள்தான் நான்."

அரைப்பக்கத்துக்கு மழை எழுதத் தெரிந்த எனக்கு ஒரு வரி வரவில்லை.

தாய் தேத்தண்ணியோடு வந்தா. எங்கள் முகங்களைப் பார்த்தா. "புத்தகத்துக்குச் சண்டை பிடிக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றா. "குடியுங்கோ, ஆறுது." குடித்தேன். பஸ் வரும்வரை வீதியில் நின்றேன். அவ வாசலுக்கு வரவில்லை.

பஸ்ஸுக்குள் இருந்து வருத்தப்பட்டேனா, என் மழை வீணாகிவிட்டதே என்று கவலைப்பட்டேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நொந்தன. அந்தப் புதன்கிழமை வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் தெரியாது. வெள்ளிக்கிழமை நடத்துனர் துண்டொன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"வந்தார்கள். அவரும் வந்தார். நீங்கள் எழுதினதை நான் கேட்கவில்லை. நீ வர விருப்பமோ என்று யாராவது என்னைக் கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். சாப்பிட்டார்கள், வெளிக்கிடு என்றார்கள். நான் வரவில்லை என்று சொன்னேன். இப்போதைக்கு இவ்வளவுதான். உண்மையான இரண்டு கிழமையையும் தளத்தில் போடுங்கோ. நீங்கள் எழுதினதையும் எடுக்கவேண்டாம், என்ர பிள்ளை வளர்ந்து வாசிக்கட்டும். ஆனால் வட்டக்கச்சி ஏழு என்று ஒருவர் இல்லை. அதை மாற்றுங்கோ."

என் முறைச் சனிக்கிழமை இல்லாவிட்டாலும் அடுத்த நாளே வவுனியாவுக்குப் போனேன். நானா விசைப்பலகையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊர்?"

"கிளிநொச்சி."

"கிளிநொச்சியில பத்துப் பேர் இருக்கினம். அப்ப பதினொண்டு." தட்டினார். தளத்தை இரண்டு வருடம் நடத்தியும் நான் அதில் ஒரு ஆளாகப் பதிந்திருக்கவில்லை என்பதை அவர் விரல்கள் நகரும்போதுதான் கண்டேன். "கிளிநொச்சி பதினொன்று எழுதியது. கதையில் உண்மையில் வந்தது கீழே. சரியோ?"

"எழுதியது இல்லை நானா. உண்மை என்று சொல்லி ஏமாற்றியது எண்டு போடுங்கோ."

அவர் என்னை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். பிறகு பழைய வரியை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அதைத் தட்டத் தொடங்கினார்.